இருதயக் கதவ மாற்று: எது தக்கது?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்திற் புதுக்கோட்டையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் அறுவை மருத்துவத்தைப் பற்றிப் பேசப் புகுவது, முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டதை ஒக்கும் என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறன்று. இலக்கணமும் நிகண்டும் கற்ற யான் மருத்துவன் அல்லேன். எவருக்கும் மருந்து சொல்ல ஈண்டு நிற்கவும் இல்லை. ஆயினும், சென்ற ஓராண்டில் நம் சங்கத்து மருத்துவ உதவி நிதியை நாடி வந்த விண்ணப்பங்களுள் மூன்று, இருதயத்தின் வால்வை மாற்றுதற் பொருட்டு வந்தவை. மூன்று குடும்பத்தாரும் செயற்குழுவினரிடம் கேட்ட வினா ஒன்றே: “எந்த வால்வு நல்லது?”

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் யானும் அவ்வினாவையே கேட்டேன். அதற்கு விடையும் பெற்றேன். விடை பிழையன்று; யான் கேட்ட வினாவே பிழையுடையது என்பதைப் பின்னர்த்தான் உணர்ந்தேன். அப்பிழையின் பயனை என் தமக்கையின் மகள் துய்த்தாள். அவள் இசைவு பெற்றே இன்று பேசுகின்றேன். அவள் கதையைப் பின்னர்ச் சொல்வேன். முன்னர்ப் பொருளை விளக்குவது முறை.

கொல்லன் உலைக்களத்துத் துருத்தியை நீங்கள் அனைவிரும் பார்த்திருப்பீர்கள். அதன் உள்ளே ஒரு தோல்மடல் உண்டு. துருத்தியை விரிக்குங்கால் அம்மடல் திறந்து காற்றை உள்ளே விடும். அமுக்குங்கால் மூடிக்கொண்டு, வந்த வழியே காற்று மீளாதபடி தடுக்கும். மடல் கிழிந்தாலும், விறைத்து ஒட்டிக்கொண்டாலும், ஊதுகிறவன் கை சலிக்குமே யன்றி உலை கனலாது. நம் இருதயமும் அத்தகைய துருத்தியே. அஃது ஒரு நாளில் ஒரு இலட்சம் முறைக்கு மேல் துடிக்கின்றது. ஏறத்தாழ 7,000 லிட்டர் குருதியை உந்தி வெளியேற்றுகின்றது. அதனுள் நான்கு அறைகளும் நான்கு மடல்களும் உள்ளன. இம்மடலையே மருத்துவர் வால்வு என்பர்; யான் கதவம் என்பேன்.

நான்கனுள் நாம் இன்று கருதவேண்டுவன இடப்பக்கத்து இரண்டு. நுரையீரலிலிருந்து வந்த தூய குருதி மேலறையினின்று கீழறைக்கு இறங்கும் வாயிலில் உள்ளது ஈரிதழ்க் கதவம். அதனை மைட்ரல் என்பர். கீழறையினின்று உடல் முழுதுக்கும் குருதி புறப்படும் வாயிலில் மூன்று இதழ்களோடு அமைந்தது பெருநாடிக் கதவம். அதனை அயோர்டிக் என்பர். இக்கதவங்களுக்கு வரும் கேடு இருவகை. ஒன்று சுருங்குதல், மற்றொன்று ஒழுகுதல். சில வேளைகளில் ஒரே கதவத்தில் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

இக்கேடு எதனால் வருகின்றது? முதியோர்க்குச் சுண்ணச்சத்துப் படிந்து பெருநாடிக் கதவம் விறைத்துப்போகின்றது. சிலர்க்குப் பிறவியிலேயே அக்கதவம் மூன்று இதழுக்கு மாறாக இரண்டு இதழோடு அமைந்துவிடும். ஆனால் நம் நாட்டில் இளம் வயதினரை வருத்துவது பெரும்பாலும் வேறொன்று. 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப்புண் உண்டாகின்றது. சில கிழமைகள் கழித்துக் காய்ச்சலும் மூட்டுவீக்கமும் வரும். இன்று முழங்காலிலும் நாளை முழங்கையிலுமாக அவ்வலி இடம் மாறித் திரியும். இதுவே ரூமாட்டிக் காய்ச்சல். கிருமியை வெல்ல எழுந்த உடலின் காவற்படை, தன் இருதயத்தையே பகையென மயங்கித் தாக்குவதனால் இதழ்கள் தழும்பேறி ஒட்டிக்கொள்கின்றன. வலி போய்விடும், தழும்பு போவதில்லை. பத்து இருபது ஆண்டுகள் கழித்து, படி ஏறும்பொழுதோ பிள்ளை சுமக்கும்பொழுதோ மூச்சு முட்டும். அப்பொழுதுதான் நோய் இன்னதென்று வெளிப்படும்.

இனி, இதற்கு அறுவை மருத்துவர் கண்ட வழிகளை வரலாற்று முறையிற் காண்போம். 1925ஆம் ஆண்டில் இலண்டனில் ஹென்றி சவுத்தார் என்னும் மருத்துவர், துடித்துக்கொண்டிருந்த இருதயத்துள் தம் விரலைச் செலுத்தி, ஒட்டிய ஈரிதழ்க் கதவத்தை விலக்கினார். அதன்பின் 1948இல் அமெரிக்காவிற் சார்லஸ் பெய்லி, டுவைட் ஹார்க்கன் ஆகியோர் அம்முறைக்குப் புத்துயிர் ஊட்டினர். இருதயத்தைத் திறவாமல், கண்ணாற் காணாமல், விரலின் உணர்வொன்றையே துணையாகக் கொண்டு செய்யும் இம்முறை நம் தமிழ்நாட்டில் மிகுதியும் கையாளப்பட்டது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் தாம் இவ்வாறு செய்த 3,724 பேருடைய நிலையை நெடுங்காலம் ஆராய்ந்து 1983இல் வெளியிட்டனர். செல்வ நாடுகள் இம்முறையைக் கைவிட்ட பின்னரும், குறைந்த செலவில் ஏழை உயிர்களைக் காத்தது இவ்விரல் முறையே என்பதை நாம் மறத்தலாகாது. 1982இல் ஜப்பானியராகிய கான்ஜி இனோவே, தொடையின் குருதிக்குழாய் வழியே ஒரு சிறு பலூனைச் செலுத்தி, கதவத்தினிடையே அதனை ஊதி விரிக்கும் முறையைக் கண்டார். சுருங்கிய ஈரிதழ்க் கதவத்துக்கு, இதழ்கள் நெகிழ்வாகவும் ஒழுக்கு மிகாமலும் இருந்தால், இன்று முதலில் எண்ணத்தக்க வழி இதுவே. மார்பைப் பிளக்க வேண்டுவதில்லை. இரண்டொரு நாளில் வீடு திரும்பலாம்.

ஆயின், சிதைந்துபோன கதவத்தை எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டுமாயின், இருதயத்தை நிறுத்தவேண்டும். நிறுத்திய பொழுதில் உடலுக்குக் குருதி ஊட்டுவது யார்? அவ்வினாவுக்கு 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் விடை கிடைத்தது. அன்று ஜான் கிப்பன் என்பார், இருதயத்தின் பணியையும் நுரையீரலின் பணியையும் செய்யும் ஒரு பொறியைக்கொண்டு அறுவை செய்து வெற்றி கண்டார். அதன்பின் 1960இல் டுவைட் ஹார்க்கன் பெருநாடிக் கதவத்தையும், ஆல்பர்ட் ஸ்டார் ஈரிதழ்க் கதவத்தையும் மாற்றினர். ஸ்டாருக்குத் துணைநின்றவர் லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளர். அவர்கள் செய்த கதவம், ஒரு சிறு கூண்டுக்குள் ஏறியிறங்கும் உருண்டை. 1969இல் சாய்ந்து திறக்கும் தட்டுடைய பியோர்க்-ஷைலி வால்வும், 1977இல் இரண்டு கரித்தகடுகள் திறந்து மூடும் செயின்ட் ஜூட் வால்வும் வந்தன.

இவை அனைத்தும் வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்கவேண்டியவை. நம் நாட்டு உழவன் மகளுக்கு அவ்விலை எட்டாக்கனியாயிற்று. இக்குறையை நீக்க முற்பட்டது நமக்கு அண்மையிலுள்ள திருவனந்தபுரத்துச் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். அதன் தலைவராக இருந்தவர் மருத்துவர் எம். எஸ். வலியத்தான். மாவேலிக்கரையில் 1934இற் பிறந்து, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அறுவை பயின்று தாயகம் மீண்டவர் அவர். இறக்குமதி செய்து மாட்டுவதோடு அமையாமல், நம் நாட்டிலேயே கதவம் செய்யவேண்டும் என்று அவரும் அவருடைய பொறியாளர்களும் உறுதி பூண்டனர்.

அவர்கள் பட்ட பாடு சிறிதன்று. கதவம் ஓராண்டில் ஏறத்தாழ நான்கு கோடி முறை திறந்து மூடவேண்டும். ஒரு முறையும் தவறலாகாது. தவறினால் இடையில் நிறுத்திப் பழுதுபார்க்க இயலாது. முதலிற் செய்த வடிவம் சோதனையில் தோற்றது. இரண்டாவதும் தோற்றது, மூன்றாவதும் தோற்றது. ஆண்டுகள் கழிந்தன. நான்காவது வடிவமே தேறியது. கோபால்ட் கலந்த உறுதியான உலோகத்தால் வளையமும், தேயாத கடுநெகிழியால் தட்டும், தைத்தற்குரிய துணிவளையமும் கொண்ட எளிய அமைப்பு அது. பொறிகளிற் பல கோடி முறை திறந்து மூடச் செய்தும், செம்மறியாடுகளுக்குப் பொருத்தியும் ஆராய்ந்த பின்னர், 1990ஆம் ஆண்டு திசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு மனிதர்க்கு அதனைப் பொருத்தினர். சென்னை டி. டி. கே. குழுமத்தார் அதனைச் செய்து விற்கும் பொறுப்பை ஏற்றனர். இதுகாறும் 1 இலட்சத்துக்கு மேற்பட்ட சித்திரா வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. வலியத்தான் அவர்கள் தம் பிற்காலத்தில் சரகர், சுசுருதர், வாக்படர் ஆகிய முன்னோர் மருத்துவ நூல்களை ஆராய்ந்து மூன்று பெருநூல்கள் எழுதி, 2024 ஜூலையில் மறைந்தார். புதிய பொறியைச் செய்த கையே பழைய சுவடியையும் புரட்டியது என்பது என்போன்ற பண்டிதர்க்கு உவகை தரும் செய்தி.

உலோகக் கதவத்தின் சிறப்பு அதன் நீடுழைப்பு. பொருத்தப்பட்டவர் வாழ்நாள் முழுதும் அது தேயாமல் உழைக்கக்கூடும். ஆனால் அதற்குரிய வரியை நாடோறும் செலுத்தவேண்டும். குருதி, அயற்பொருளைக் கண்டால் உறையும் இயல்பினது. உறைந்த கட்டி தட்டை அசையவொட்டாமற் பிடித்துக்கொள்ளும்; அல்லது பெயர்ந்து சென்று மூளையை அடைந்து பக்கவாதத்தை விளைக்கும். ஆகலின் வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் என்னும் மாத்திரையை உயிருள்ள அளவும் உட்கொள்ளவேண்டும். அளவு குறைந்தால் உறையும். மிகுந்தால் குருதி ஒழுகும். அளவு சரியா என்று அறிய ஐ. என். ஆர். என்னும் குருதிச் சோதனையை அடிக்கடி செய்துகொள்ள வேண்டும். அவ்வெண் பெருநாடிக் கதவத்துக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 வரையும், ஈரிதழ்க் கதவத்துக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்குமாறு மருத்துவர் பார்த்துக்கொள்வர். கீரையை ஒரு கிழமை மிகுதியாக உண்டு மறுகிழமை அறவே விட்டாலும் அவ்வெண் மாறும். கீரை கூடாதென்பதில்லை; உண்ணும் அளவு ஒருபடித்தாக இருக்கவேண்டும் என்பதே கருத்து. தலைவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் தாமே வாங்கும் மாத்திரைகள், பெயர் தெரியாத சூரணங்கள் ஆகியவையும் இம்மருந்தோடு மோதும். பேருந்து அரிதாக வரும் சிற்றூரில் வாழும் ஒருவர்க்கு, மாதந்தோறும் நகருக்கு வந்து குருதி கொடுத்துப் போவது எளிதா என்று எண்ணிப் பாருங்கள்.

இச்சுமையை நீக்க எழுந்ததே உயிர்த்தசைக் கதவம். பாரிசு நகரத்து அலான் கார்ப்பெந்தியே என்னும் மருத்துவர் பன்றியின் இருதயக் கதவத்தை எடுத்து, குளுட்டரால்டிஹைடு என்னும் நீரிற் பதப்படுத்தி, 1960களின் இறுதியில் மனிதர்க்குப் பொருத்தினார். பசு அல்லது எருதின் இருதயத்தைச் சூழ்ந்த உறையினின்றும் இதழ்கள் வெட்டித் தைக்கப்படுகின்றன. சமய உணர்ச்சி காரணமாக இவற்றை விரும்பாதோர் இருக்கலாம். அவர்கள் அதனை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுதல் நன்று. இக்கதவத்துக்கு முதல் சில மாதங்கள் நீங்கலாக, வேறு காரணமின்றேல், வார்ஃபரின் வேண்டுவதில்லை. ஆனால் இது தோலைப்போன்றது. நாளடைவில் விறைத்துக் கிழியும். முதியவர்க்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள், சிலர்க்கு மேலும், உழைக்கும். இளையோர் உடலில் விரைந்து சிதையும். சிதைந்தால் மீண்டும் அறுவை. இரண்டாம் முறை மார்பைத் திறப்பது முதன்முறையினும் கடினம்.

இவ்விரண்டுக்கும் புறம்பான வழிகளும் உள. 1967இல் இலண்டனில் டோனால்டு ராஸ் என்பார், நோயாளியின் நுரையீரல் நாடிக் கதவத்தையே எடுத்துப் பெருநாடி வாயிலில் வைத்து, முன்னதன் இடத்தில் இறந்தவர் ஒருவர் ஈந்த கதவத்தைப் பொருத்தினார். தன் தசை தனக்கே ஆதலின் மாத்திரை வேண்டுவதில்லை. பிள்ளைகளுக்கு உடலோடு கதவமும் வளரும். ஆயின் ஒரு கதவத்தின் நோய்க்கு இரண்டு கதவங்களில் அறுவை செய்ய நேர்கின்றது. கைதேர்ந்தோர் சிலரே இதனைச் செய்வர். 2007இல் ஜப்பானில் ஒசாக்கி என்பார், நோயாளியின் இருதய உறையையே வெட்டி மூன்று இதழ்களாகத் தைக்கும் முறையைத் தொடங்கினார். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக வினவத்தக்கது ஒன்றுண்டு: கதவத்தை மாற்றாமற் செப்பனிட இயலுமா? ஒழுகும் ஈரிதழ்க் கதவத்தைச் செப்பனிட்டு ஒரு வளையத்தால் இறுக்கும் கலையையும் கார்ப்பெந்தியே வளர்த்தார். செப்பனிடக் கூடியதாயின் அதுவே நலம். ரூமாட்டிக் காய்ச்சலாற் சிதைந்த இதழ்களிற் பலவற்றுக்கு அது கூடுவதில்லை என்பதும் உண்மை.

கதவத்தைப் போலவே, அதனைக் கொண்டு சேர்க்கும் வழியும் பல. மார்பெலும்பை நடுவே பிளந்து செய்வது பழைய வழி. மருத்துவர்க்கு எல்லாம் கண்முன் தெரியும். எலும்பு கூட இரண்டு மூன்று மாதம் செல்லும். அதுகாறும் குடம் தூக்கலாகாது. விலாவிடையிற் சிறு துளை வழியே செய்வது மற்றொன்று; தழும்பு சிறிது, நோவு குறைவு, ஆனால் எல்லார்க்கும் பொருந்துவதன்று. மூன்றாவது, மார்பைத் தொடாமலே தொடையின் குருதிக்குழாய் வழியாக மடித்த கதவத்தைச் செலுத்தி உள்ளே விரித்தல். 2002ஆம் ஆண்டு ஏப்பிரல் 16ஆம் நாள் பிரான்சு நாட்டு ரூவான் நகரில் அலான் கிரிபியே இதனை முதன்முதற் செய்தார். அறுவையைத் தாங்காத முதியோர்க்கென எழுந்த இம்முறை இப்பொழுது வலியுள்ள முதியோர்க்கும் செய்யப்படுகின்றது. ஆயின் இது பெரும்பாலும் பெருநாடிக் கதவத்துக்கே உரியது. உள்ளே வைப்பது உயிர்த்தசைக் கதவமே. நம் நாட்டிற் செலவு பல இலட்சம். இருபது வயதுப் பெண்ணின் தழும்பேறிய ஈரிதழ்க் கதவத்துக்கு இது விடையாகாது.

அன்பர்களே, இனி என் தமக்கை மகளின் கதைக்கு வருகின்றேன்.

அவளுக்குப் பத்து வயதில் முட்டியும் கணுக்காலும் மாறிமாறி வீங்கின. வாயு என்று எண்ணெய் தடவினோம், வீக்கம் வடிந்தது, மறந்தோம். பத்தொன்பது வயதிற் கிணற்றடியினின்று குடம் சுமந்து வந்தவள் திண்ணையில் அமர்ந்து எழ இயலாது திணறினாள். ஈரிதழ்க் கதவம் சுருங்கியும் ஒழுகியும் இருந்தது. பலூனுக்கும் செப்பனிடுதலுக்கும் இடமில்லை, மாற்றவேண்டும் என்றனர். அறுவை மருத்துவர் எங்களை அழைத்து, உலோகக் கதவம், உயிர்த்தசைக் கதவம் இரண்டன் இயல்பையும் பொறுமையோடு விளக்கினார். பின்னர், “பெண்ணுக்குத் திருமணம் ஆகவேண்டும் அல்லவா? பிள்ளைப்பேற்றைப்பற்றி அவளோடு பேசினீர்களா?” என்று வினவினார். அத்தானும் யானும் உறவில் மூத்தார் இருவரும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். அவள் உள்ளே படுத்திருந்தாள். “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் ஐயா, நெடுநாள் உழைப்பது எது? அதனை வையுங்கள்” என்று சொன்னவன் யான். கற்றவன் என்று என் சொல்லுக்கு மற்றையோர் உடன்பட்டனர். உலோகக் கதவம் பொருத்தப்பட்டது. நன்றாகவே வேலை செய்தது. இரவின் அமைதியில் அவள் மார்பினின்று கடிகாரம்போல ஓர் ஒலி கேட்கும்.

மூன்றாண்டு கழித்து வரன் வந்தது. சிறுவயதில் ஏதோ ஒரு சிறு அறுவை என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னோம். மாத்திரையை மறைத்து உண்ணுமாறு அவளுக்கும் சொல்லி அனுப்பினோம். புக்ககத்தில் அவள் அரிசிப்பானைக்குள் மாத்திரையை ஒளித்துவைத்து உண்டாள். சோதனைக்குப் போகக் காரணம் சொல்ல இயலாமையால் சோதனை நின்றது. பின் கருவுற்றாள். அம்மாத்திரை கருவைச் சிதைக்கும் என்று எவரோ சொல்லக் கேட்டாள். அச்சொல்லில் உண்மை உண்டு. வார்ஃபரின் தாயின் குருதி வழியே கருவை அடையும். குறிப்பாக ஆறாம் கிழமை முதல் பன்னிரண்டாம் கிழமை வரை கருவின் உறுப்பமைப்பைக் கெடுக்கக்கூடும். அதற்காகவே மருத்துவர் அக்காலத்தில் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றியோ, மாத்திரையின் அளவை ஆராய்ந்தோ இருவரையும் காக்க முயல்வர். அதற்கு மருத்துவரிடம் சொல்லவேண்டும்; சொல்வதற்கு வீட்டில் வாய் திறக்கவேண்டும். வாயைத்தான் நாங்கள் அடைத்திருந்தோமே! அவள் ஒருவர்க்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

சில கிழமைகளில், ஓர் இரவு, நாள்தோறும் கேட்ட கடிகார ஒலி மங்கியதை அவளே உணர்ந்தாள். தட்டைக் குருதிக்கட்டி பிடித்துக்கொண்டது. விடியுமுன் மூச்சுத்திணறலோடு மருத்துவமனையிற் சேர்த்தனர். கட்டியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தி மருத்துவர் அவளைக் காத்தனர். கரு கலைந்தது.

மாப்பிள்ளை வீட்டார் எங்களை வைவர் என்று அஞ்சி நின்றோம். அத்தம்பி வையவில்லை. “முன்னமே சொல்லியிருந்தால் வேளைதோறும் மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே, சித்தப்பா!” என்று என் தம்பியிடம் சொல்லி அழுதார். அச்சொல் எங்களை வைததினும் மிகுதியாகச் சுட்டது. உடல் தேறிய பின்னர் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே: “மாமா, அன்று உள்ளே வந்து என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

கேட்டிருந்தால் அவள் எதனைத் தேர்ந்திருப்பாள்? யான் அறியேன். இரண்டு வழியிலும் இடர் உண்டு. உயிர்த்தசைக் கதவத்தை ஏற்றிருந்தால் பிள்ளைப்பேறு எளிதாயிருக்கும். முப்பதைக் கடக்குமுன் மறுமுறை அறுவைக்கு உட்பட நேர்ந்திருக்கலாம். உலோகக் கதவத்தையே அவள் வேண்டியிருக்கவும் கூடும். ஆனால் எச்சுமையைத் தான் சுமக்கப் போகிறாள் என்பதை அறிந்து சுமந்திருப்பாள், மறைத்துச் சுமந்திராள்.

உலக மருத்துவர் வகுத்த பொதுநெறி ஒன்று உண்டு. 2020இல் அமெரிக்க இருதய மருத்துவ சங்கத்தார் வெளியிட்ட நெறியின்படி, பெருநாடிக் கதவமாயின் 50 வயதுக்குட்பட்டோர்க்கு உலோகமும், 65 வயதைக் கடந்தோர்க்கு உயிர்த்தசையும், இடைப்பட்டோர்க்கு ஆளறிந்து தெரிதலும் தக்கன. ஈரிதழ்க் கதவமாயின் 65 வயதே எல்லை. ஆயினும் அந்நெறியே, மாத்திரை உண்ண இயலாதவர்க்கும் சோதனை செய்துகொள்ள வசதியற்றவர்க்கும் எவ்வயதிலும் உயிர்த்தசைக் கதவத்தைச் சொல்லுகின்றது. நோயாளியோடு கலந்தே முடிவு செய்க என்றும் வலியுறுத்துகின்றது. ஆகவே, “எந்த வால்வு நல்லது?” என்பது வினாவன்று. “இவருக்கு, இவ்வயதில், இவ்வூரில், இவர் வாழ விரும்பும் வாழ்வுக்கு எது தக்கது?” என்பதே வினா.

இப்புதுநெறி நமக்குப் புதிதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை எண்ணுகின்றார். மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் ஆகிய மூவரையும் பின்னே நிறுத்தி, நோயுற்றவனையே முதலில் வைக்கின்றார். யான் அக்குறளை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகின்றேன். தாழ்வாரத்தில் நின்ற அன்று அதன் முதற்சொல் எனக்கு நினைவுக்கு வரவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1886இற் பிறந்த ஊர் இது. ஆடவர் கல்லூரியில் தனி ஒருத்தியாக அமர்ந்து பயின்று, பெண்ணின் உடலுக்கும் வாழ்வுக்கும் பெண்ணே பேசவேண்டும் என்று நின்றவர் அவர். அவ்வூரிலிருந்து சென்ற நாங்கள் ஒரு பெண்ணின் இருதயத்தைப்பற்றி அவளைக் கேளாமலே முடிவு செய்தோம்.

சங்கத்தார் திருமுன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

முதலாவது, நம் உதவி நிதியைப்பற்றியது. அறுவைச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் முதலியன பெரிதும் துணைநிற்கின்றன. அதன்பின் ஆண்டுக்கணக்கில் வரும் சோதனைச் செலவும் பேருந்துச் செலவுமே ஏழைக்குச் சுமையாகி, மாத்திரையை நிறுத்தத் தூண்டுகின்றன. நம் நிதி ஒரேமுறை பெருந்தொகை கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதினும், மாதந்தோறும் சிறுதொகை கொடுத்து வருவது மேல். உதவி கோருவோர் யாராயினும் நோயாளியையே நேரிற் கண்டு பேசிய பின்னர்க் கொடுக்கவேண்டும்.

இரண்டாவது, மணம் பேசுவோர்க்கு. கதவம் மாற்றிய பெண்ணும் ஆணும் மணம் புரியலாம், உழைக்கலாம், மருத்துவர் துணையோடு மக்களையும் பெறலாம். மறைத்தலே கேடு. நம் இதழின் மணப்பகுதியிற் கோத்திரமும் நட்சத்திரமும் தவறாமல் எழுதுகின்றோம். உடல்நிலையை நேரிற் சொல்லும் துணிவையும் பெற்றோர் கொள்ளவேண்டும். கேட்டு முகம் சுளியாத பண்பை மற்றையோர் கொள்ளவேண்டும்.

மூன்றாவது, என்போன்ற ஆசிரியர்க்கும் தாய்மார்க்கும். பிள்ளைக்குக் காய்ச்சலோடு தொண்டைப்புண் வந்தால் பனங்கற்கண்டோடு நில்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவலி இடம் மாறித் திரிந்தால் வாயு என்று எண்ணெயோடு விடாதீர்கள். ரூமாட்டிக் காய்ச்சல் என்று தெரிந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு கிழமைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வந்தால், மீண்டும் மீண்டும் தாக்கிக் கதவத்தைச் சிதைப்பது தடுக்கப்படும். பல ஆண்டுகள் போடவேண்டும், இடையில் நிறுத்தலாகாது. அவ்வூசியின் விலை சிறிது. அதனைப் போடாமையின் விலையை யான் கண்டேன். ஏற்கெனவே கதவம் மாற்றியவர், பல் பிடுங்கச் செல்லும்பொழுதும் அதனைப் பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். வாயிலுள்ள கிருமி குருதியிற் கலந்து புதுக்கதவத்திற் குடியேறக்கூடும் ஆதலின், முன்னே மருந்து கொடுப்பர்.

என் தமக்கை மகள் இன்று தன் கணவரோடு இவ்வவையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றாள். மாத்திரை இப்பொழுது அரிசிப்பானைக்குள் இல்லை. அவள் வீட்டுக் கூடத்து மாடத்தில், எல்லாரும் காண இருக்கின்றது. சோதனை நாளை அவள் மாமியாரே நாட்காட்டியிற் குறித்துவைக்கின்றார். மறுபடியும் பிள்ளைப்பேற்றை நாடுவதா வேண்டாவா என்பதைப்பற்றி அவ்விருவரும் மருத்துவரோடு பேசி வருகின்றனர். அவர்கள் என்ன முடிவு செய்தனர் என்று யான் கேட்கவில்லை; அது கேட்கும் உரிமை எனக்கில்லை.